எட்டரை மைல் கிழங்கு

நம் வயதுக்காரர்களுக்குச் சீனிக்கிழங்கு ஆகாது. வாயு என்கிறார் டாக்டர், சர்க்கரை என்கிறாள் மருமகள். உங்கள் வீடுகளிலும் இதே பேச்சாகத்தான் இருக்கும். தின்னத்தான் தடை; அதைப் பற்றிப் பேச யாரும் இதுவரை தடை சொல்லவில்லை. ஆகவே சொல்லுகிறேன். நான் தின்றதிலேயே நல்ல கிழங்கை இந்தக் கல்கத்தாவில், பவானிபூரில், ஒரு ஜப்பான்காரர் சுட்டு விற்றார். ஒரே ஒரு குளிர்காலம்தான் விற்றார். அது நின்றுபோனதில் எங்கள் வீட்டுக்குப் பங்கு உண்டு. எனக்கும் உண்டு.

உங்களில் பலர் இந்த ஊருக்கு வந்தது பிற்பாடு. நான் சொல்லும் காலத்தில் பவானிபூரில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிராம் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தார். மாடியில் மூன்று அறைகள் எங்களுக்கு. கீழே வீட்டுக்காரர்களான வங்காளிக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்களோடு விளையாடி விளையாடி, ஒன்பது வயதில் எனக்குத் தமிழைவிட வங்காளிதான் நன்றாக வந்தது. அம்மாவுக்குச் சைகை போதும். அப்பாவுக்குக் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்கு வங்காளி தெரியும், அதற்குமேல் இங்கிலீஷ்தான்.

சித்தப்பா எங்களோடு இருந்தார். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். திருநெல்வேலியிலிருந்து காலேஜ் படிக்க அப்பாதான் வரவழைத்திருந்தார். வங்காளத்தை இரண்டாக வெட்டியிருந்த சமயம் அது. காலேஜ் பையன்கள் சீமைத்துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சித்தப்பாவும் ஒருநாள் தன் நல்ல சட்டை இரண்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சாக்கு மாதிரி ஒரு முரட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்தார். அம்மா அந்தத் துணியைத் துவைக்க முடியாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லதற்கா கெட்டதற்கா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எங்கள் சந்து போய் முடிவது ஆதிகங்கைக் கரையில். வைக்கோல், மண்பானை, கிழங்கு என்று படகுகள் வந்து இறங்கும். அந்த முனையில் ஓடு வேய்ந்த ஓர் அறையில் ஜப்பான்காரர் குடியிருந்தார். கூட அவர் மனைவி, மனைவியின் முதுகில் கட்டிய ஒரு கைக்குழந்தை. அவர் தச்சர். யாரோ ஒரு ஜமீன்தார், தன் மாளிகைக்கு ஜப்பான் தினுசில் கதவும் தடுப்பும் செய்ய வேண்டும் என்று கப்பலேற்றி வரவழைத்திருந்தார். வேலை பாதியில் இருக்கும்போது ஜமீன்தார் செத்துப்போனார். பிள்ளைகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மனிதர் இங்கேயே தங்கி, கிடைத்த மரவேலையைச் செய்துகொண்டிருந்தார். கார்த்திகை போய்க் குளிர் இறங்கியதும், படகிலிருந்து கிழங்கு வாங்கிச் சுட ஆரம்பித்தார்.

கிழங்கு சுடுகிறவர்கள் இந்த ஊரில் முன்பே உண்டு. இந்துஸ்தானிக்காரர்கள் சாம்பலில் புதைத்துச் சுடுவார்கள். தோல் கரியாக இருக்கும், பல்லில் சாம்பல் நறநறக்கும். ஜப்பான்காரர் இடுப்புயரத்துக்கு மண் அடுப்புக் கட்டி, அதன்மேல் அகலமான, தட்டையான இரும்புச் சட்டி ஒன்றைப் பதித்திருந்தார். நம் கல்யாண வீட்டுத் தாம்பாளம் இரண்டைச் சேர்த்த அகலம் இருக்கும். கிழங்குகளை ஒன்றை ஒன்று இடிக்காமல் அடுக்கி, மேலே கொஞ்சம் உப்புத் தூவி, கனமான மரமூடியால் மூடிவிடுவார். மூடியை அவரே செய்திருந்தார், இழைப்பில் ஒரு பிசிறு இராது. பிறகு அவசரமே கிடையாது. எத்தனை பேர் நின்றாலும் மூடியைத் திறக்க மாட்டார். திறக்கும்போது வெல்லப்பாகு தீயும் பருவத்து வாசனை சந்து முழுக்க வரும். மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்ப்பார். வெந்ததன் தோல் சுருங்கி, வெடித்த இடத்தில் தேன்போல் ஒன்று கசிந்து உறைந்திருக்கும். சால் மரத்து இலையில் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பார். வாங்குகிறவன் கூலிக்காரனானாலும் இரண்டு கைதான்.

நம் வீடுகளில் சீனிக்கிழங்கு என்றால் பொங்கலுக்கு அவிப்பது. அது சதசதவென்று இருக்கும். இது அப்படியில்லை. பிட்டால் மாவாக உதிரும், நாக்கில் பட்டதும் கரையும். அம்மா அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அந்தச் சட்டியில் வேறு என்னென்ன சமைக்கிறார்களோ என்பது அவள் கவலை. சித்தப்பா வாங்கி எனக்கும் பாதி கொடுப்பார். படித்துறையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த வாசனை கழுவினால் போகிற வாசனை இல்லை.

சாயங்காலமானால் அடுப்பின் பக்கத்தில் ஒரு விளக்கு வைப்பார். மெல்லிய மரச்சட்டத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, உள்ளே எண்ணெய் விளக்கு. தாளின்மேல் கறுப்பு மையில் மூன்று எழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அதை அவருடைய பெயர் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

காலேஜ் பையன்கள் அங்கே கூட ஆரம்பித்தார்கள். ஜப்பான் ருஷ்யாவைத் தோற்கடித்த செய்தி பழசாகவில்லை. ஆசியாக்காரன் ஒருவன் வெள்ளைக்காரனை ஜெயித்தான் என்பதில் அவர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஜாபானி தாதா, அதாவது ஜப்பான் அண்ணன் என்று அவரைக் கூப்பிட்டார்கள். யுத்தத்தில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் தமக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், நான் மரம் இழைக்கிறவன் என்று சொல்லி, கையால் இழைத்துக் காட்டுவார். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கிழங்கு வாங்குவார்கள். அவர்களோடு சித்தப்பாவும் நிற்பார். சந்துமுனை வெற்றிலைக்கடை ஓரத்தில் இரண்டு புது ஆட்கள் தினமும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். போலீஸின் ஆட்கள் என்று கீழ்வீட்டுப் பெண்கள் சொன்னார்கள்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும். அப்பா ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆபீசிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அந்த ஜப்பான்காரன் விளக்குல மூணு எழுத்து இருக்குல்லா? அதை அப்படியே பாத்து ஒரு தாள்ல எழுதிட்டு வா. கோடு ஒண்ணும் விடாம எழுதணும்."

எதற்கு என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு ஏது? பென்சிலும் தாளுமாகப் போய் நின்றேன். முதல் எழுத்து சுலபம். விலகிச் சாய்ந்த இரண்டு கோடு. நடுவில் உள்ளது, ஜன்னலைத் தூக்கிக் கம்பின்மேல் வைத்தது போல. மூன்றாவதற்கு உச்சியில் இரண்டு பொட்டு. ஜப்பான்காரர் நான் எழுதுவதைப் பார்த்தார். நிழல் விழுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, விளக்கை எடுத்து எழுத்து என் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார். முடித்ததும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சின்னக் கிழங்கு ஒன்றை இலையில் வைத்து நீட்டினார்.

அப்பா தாளை வாங்கிப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கே" என்றார். அப்பா என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. கிழங்கும் ஒரு காரணம்.

சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பெண்டிங்க் தெருவுக்குப் போனார். அங்கே சீனாக்காரர்களின் செருப்புக்கடைகள் வரிசையாக இருந்தன. அப்பாவுக்கு ஷூ தைக்கும் சீனாக்காரரிடம் தாளைக் காட்டினார். ஜப்பான்காரனும் சீனாக்காரனும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சீனாக்காரர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, இந்துஸ்தானியில் சொன்னார்: எட்டு. மைல். அரை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஊர்ப்படத்தை மேஜையில் விரித்தார். அம்மாவின் தையல்பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, படத்தின் அளவுகோலில் எட்டரை மைலுக்கு அளந்து முடிச்சுப் போட்டார். ஒரு நுனியை எங்கள் சந்தின்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை மெல்லச் சுற்றினார். வடக்கே, சர்க்கார் தோட்டா செய்யும் தொழிற்சாலைக்குக் கிட்டே வந்ததும் நூல் நின்றது. நான் மேஜையின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ் வந்தது. ஓட்டுவீட்டைச் சோதனை போட்டார்கள். தரையைத் தோண்டினார்கள். உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறார் என்று அடுப்பைக் கடப்பாரையால் இடித்தார்கள். இரும்புச் சட்டி விரிசல் விட்டு இரண்டு துண்டாயிற்று. கிடைத்தவை அவருடைய உளிகளும் இழைப்புளிகளும்தான். அவற்றையும் மூட்டை கட்டினார்கள். அந்தத் தாள் விளக்கை மட்டும் ஒரு கான்ஸ்டபிள் இரண்டு கையாலும் ஏந்தி, கிழியாமல், சந்து நெடுக நடந்து போனான். அதுதான் முக்கியமான சாட்சி. பின்னால் ஜப்பான்காரர் போனார். அவர் மனைவி வாசல்படியில் குழந்தையோடு நின்றாள். அழவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

அன்று சித்தப்பா காலேஜ் போகவில்லை. எந்தப் பாவி என்ன சொல்லிக் கொடுத்தானோ என்று கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். அந்த விளக்கில் ஏதோ ரகசியச் சேதி எழுதியிருந்ததாம், அதை யாரோ ஒரு தாளில் எழுதிப் போலீசுக்கு அனுப்பினார்களாம் என்று அம்மாவிடம் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "அந்த எழுத்து எனக்கும் எழுத வரும் சித்தப்பா. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தேன்" என்றேன். எனக்குப் பெருமை.

அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை சித்தப்பா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் கொடுத்தீங்களா, அண்ணாச்சி?"

அப்பா தலைப்பாகையை எடுத்து ஆணியில் மாட்டினார். "ஆமா."

"அந்த மனுஷன் உங்களுக்கு என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. ஆபீஸ்ல துரை என்னைக் கூப்பிட்டு உன் பேரைக் கேட்டாரு. உன் தம்பி எங்க போறான், யாரோட நிக்கான், எழுதிக் கொடுன்னாரு. நான் என்னத்தை எழுத? அந்தத் தாளைக் கொடுத்தேன்."

அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். சித்தப்பா, "என் பேரையே கொடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியிறங்கிப் போனார். அதன்பிறகு அப்பாவும் அவரும் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. நான் எழுதிய தாளினால் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் விளங்கியது. நான் கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ, அதனால்தான் சேதி மாறிப்போயிற்றோ என்று பல நாள் நினைத்து நினைத்து மறுகினேன். அப்பா கோழை என்று பிறகு சில வருஷம் நினைத்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, அவர்களில் ஒருவனைத் தேடிப் போலீஸ் வாசலுக்கு வந்த அன்று அந்த எண்ணம் போயிற்று. போனதே தவிர, அதனால் அப்பா செய்தது சரியென்று ஆகிவிடவில்லை.

மறுநாள் அம்மா ஒரு தூக்கில் பால்கஞ்சி எடுத்துக்கொண்டு ஓட்டுவீட்டுக்குப் போனாள். நானும் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்டது. அம்மா தூக்கைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். வைப்பது, எடுப்பது. அந்தப் பெண்ணின் முகத்தை அம்மா ஒருநாளும் பார்க்கவில்லை. யார் வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது.

சித்தப்பா காலேஜை விட்டுவிட்டு ஆள் தேடி அலைந்தார். ஜப்பானிய எழுத்துத் தெரிந்தவர்கள், போலீஸ் நம்பக்கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்? கடைசியில் கப்பல் சரக்கு வாங்கி விற்கும் ஒரு ஜப்பானியக் கம்பெனியைக் கண்டுபிடித்தார். நாலு நாள் அதன் வாசலில் நின்றிருக்கிறார். சாக்குத்துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பவனை யார் உள்ளே விடுவார்கள்? ஐந்தாம் நாள் அப்பாவின் கோட்டை, கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். அது சீமைத்துணிக் கோட்டு. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கம்பெனி குமாஸ்தா ஒருவர் அன்று சித்தப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார்.

அங்கே நடந்ததைச் சித்தப்பா அம்மாவுக்குச் சொன்னார். அப்பா அடுத்த அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. குமாஸ்தா விளக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒரு கொட்டையை வறுத்துத் தின்பார்களாம், நம் பலாக்கொட்டை மாதிரி. அதன் பெயர் 'குரி'. அதே சத்தத்துக்கு அவர்கள் பாஷையில் 'ஒன்பது மைல்' என்றும் அர்த்தமாகும். மைல் என்றால் அவர்களுடைய தூரக்கணக்கு. சுட்ட கிழங்கு அந்தக் கொட்டைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனால் அதன் அளவு ருசி இல்லை. ஒன்பதுக்கு அரை குறைச்சல். ஆகவே எட்டரை. அங்கே கிழங்குக்கடைகளில் இப்படி எழுதி வைப்பது ரொம்ப காலத்து வழக்கமாம், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். சீனாக்காரனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் பாஷையில் அந்தச் சத்தம் வராது.

"தன் சரக்கு கொஞ்சம் மட்டம்னு எழுதி வச்சு வித்திருக்கான், மதினி" என்றார் சித்தப்பா. அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பதினோராம் நாள் அவரை விட்டார்கள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி வந்தார். உடைந்த அடுப்பை அவர் திரும்பக் கட்டவில்லை. கம்பெனி குமாஸ்தா சொல்லி, சரக்குக்கப்பல் ஒன்றில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது, வருகிற வாரம் ஊருக்குப் போகிறார்கள் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளித்து, விபூதி பூசி, வேஷ்டியும் மேல்துண்டுமாகக் கூடத்துக்கு வந்தார். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் அந்த மனுஷனைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லணும். எனக்கு அந்தப் பாஷை வராது. நீ கூட வா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவளும் வரட்டும்" என்றார்.

சித்தப்பா எழுந்து வந்தார். மூன்று பேரும் சந்தில் நடந்தோம். கதவைத் தட்டியது அப்பாதான். உள்ளே ஏதோ சரசரவென்று சத்தம். கொஞ்சம் கழித்து ஜப்பான்காரர் திறந்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, கையில் கயிறு இருந்தது. மனைவி அறையின் மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை கண்ணில் படவில்லை.

அப்பா உள்ளே போகாமல் படியிலேயே நின்றார்.

"தாளைக் கொடுத்தது நான்தான்னு சொல்லு. நீங்க ஒரு தப்பும் செய்யலேன்னு அப்பவே எனக்குத் தெரியும்னும் சொல்லு. என் வீட்டைக் காப்பாத்த வேண்டிக் கொடுத்தேன். அது பெரிய பிழை. அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்னு சொல்லு."

அப்பாவுக்கு அப்போதே தெரியும் என்பதைச் சித்தப்பாவும் அன்றுதான் கேட்கிறார். நூல் பிடித்து அளந்ததெல்லாம் துரைக்குச் சொல்லக் காரணம் தேடியது என்று நானும் அன்றுதான் அறிந்தேன், அறிந்ததை விளங்கிக்கொள்ள இன்னும் பல வருஷம் ஆயிற்று. சித்தப்பா அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை குறைக்காமல், கூட்டாமல், வங்காளியில் சொன்னார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் ஜப்பான்காரருக்கு எல்லாம் விளங்கியது. அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

ஜப்பான்காரர் பதில் கும்பிடு போடவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு அவருடைய உடைந்த வங்காளியில், மெதுவாக, கோபமில்லாத குரலில் பேசினார். யாராவது கதவைத் தட்டினால் என் மனைவி குழந்தையைத் துணிமூட்டைக்கு அடியில் ஒளிக்கிறாள். இப்போது நீங்கள் தட்டியபோதும் ஒளித்தாள். இவள் இனி எந்த ஊரில் கதவைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் உங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். போங்கள்.

அவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்த் திரும்பவும் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

அப்பா கூப்பிய கையை இறக்காமல் சித்தப்பாவைப் பார்த்தார். "என்ன சொல்லுதாரு?"

சித்தப்பா திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"பரவாயில்ல, போயிட்டு வாங்கங்காரு."

அப்பா மூச்சை விட்டார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சித்தப்பா அவர் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினார். நான் பின்னால் வந்தேன். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வங்காளி தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சித்தப்பாவின் பெயரைத் துரை மறுபடி கேட்கவில்லை. அவர் படிப்பை முடித்து, இந்த ஊரிலேயே வேலை பார்த்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். அப்பா இன்னும் இருபத்தாறு வருஷம் இருந்தார். வயதான காலத்தில், விருந்தாளி யாராவது வந்தால் அந்தக் கதையைச் சொல்லுவார். தம் பிழையை ஒளிக்காமல்தான் சொல்லுவார். "பெரிய மனுஷன். ஒரே வார்த்தையில பரவாயில்லன்னுட்டான்" என்று முடிப்பார். சித்தப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் மோர் ஊற்றுவேன்.